பொழுது சாய்ந்தால் ஓடாத வண்டி

எங்கள் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் முடிவு கட்டியது, அவர் அந்தச் சிவப்புக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று. திண்டிவனத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற மனிதருக்கு ரேலி கார் எதற்கு? பின்னால் பலகை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. துணி காயப்போடவா என்று கேட்டேன். ஜிதேந்திரன் சிரிக்கவில்லை. வேகமாகப் போகும்போது காற்று வண்டியைத் தூக்கப் பார்க்கும், இந்த இறக்கைதான் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் என்று விளக்கினார். நம் ஊர் ரோட்டில் வண்டியைத் தூக்கிப் போடுவது காற்று இல்லை, பள்ளம் என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஈவோ என்பது அதன் பெயர். யாரோ சென்னைக்காரர் சில வருஷம் வைத்திருந்து, அலுத்துப்போய்க் கைமாற்றியது. அதன் முன்னோர்கள் மலையிலும் சேற்றிலும் பனியிலும் பந்தயம் ஓடியவர்களாம். பந்தயத்தில் ஓட்டுவதென்றால் அதே மாதிரி வண்டியைப் பொதுஜனங்களுக்கும் இத்தனை விற்றாக வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்ததாம். அப்படித்தான் பந்தயக் குதிரை நம்பர் பிளேட் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தது. இதையெல்லாம் அவர் சாப்பிடும்போது சொன்னார். நான் கேட்கவே இல்லை.

கேட்காமலே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. இஞ்சின் பெரிதில்லை. நாலு சிலிண்டர், இரண்டு லிட்டர். ஆனால் அதிலிருந்து வெளியே போகிற புகை சும்மா போகாது. போகிற வழியில் ஒரு குட்டிக் காற்றாடியைச் சுழற்றிவிட்டுப் போகும். அந்தச் சுழற்சி வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், பலம் கூடும். அந்தப் பலம் நாலு சக்கரத்துக்கும் போகும். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதனிடமிருந்து பிடுங்கி, மண்ணைப் பிடித்திருக்கிற சக்கரத்துக்குக் கொடுக்கும். இதைக் காட்டுவதற்காக நாலு டம்ளரை வைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, மேசையெல்லாம் ஈரமாக்கினார். துடைத்தது நான்தான்.

ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் இருந்தது. தார் ரோடு, சரளை, பனி என்று மூன்று வகை. இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி வண்டி தன் நடையை மாற்றிக்கொள்ளுமாம். விழுப்புரம் மாவட்டத்தில் பனிக்கு ஒரு பொத்தான் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இவ்வளவு வித்தை தெரிந்த அந்த வண்டிக்கு ஒரு வேகத்தடையைத் தாண்டத் தெரியாது. வயிறு அவ்வளவு தாழ்வு. ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். அதற்குள் டவுன் பஸ் எங்களை முந்திப் போய்விடும். பஸ்ஸில் இருப்பவர்கள் கை காட்டுவார்கள்.

அவருடைய ஆசை என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கோயம்புத்தூரில் இஞ்சினியரிங் படிக்கிற காலத்தில் ரேலிகளில் கூட உட்கார்ந்து வழி சொல்கிறவராகப் போயிருக்கிறார். முன்கூட்டியே பாதையைப் பார்த்து வைத்து, ஓடும்போது அடுத்த வளைவு இடதா வலதா, எவ்வளவு கூர்மை என்று வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணால் பார்க்கும் முன்பே அந்த வாய்ச்சொல்லை நம்பித் திருப்புவார். ஜிதேந்திரன் நாலு வருஷம் வாயாகவே இருந்தார். ஒருநாளும் ஸ்டியரிங் அவர் கைக்கு வரவில்லை. வந்தபோது தலையில் பாதி நரைத்திருந்தது.

கார் வந்த முதல் நாள் சாயங்காலம் கிளியனூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு இருட்டியபின் திரும்பினார். மறுநாள் காலையில் என் மாமியார் சந்திரகாந்தா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி. விளக்கில், முன்பக்க வலையில், எங்கும் அப்பிக் காய்ந்து கிடந்தன. அத்தை உள்ளே போனார். ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து, துணியை வேப்பமரத்தடியில் உதறினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நாங்கள் ஜைனர்கள். நயினார் வீடு என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் சாப்பிடுவதில்லை. நானும் இவரும் ராத்திரியில் தண்ணீர் குடிப்போம். அத்தைக்கு அதுவும் கிடையாது. நடக்கும்போது நாலு முழம் முன்னால் தரையைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைப்பார். அவரோடு கடைத்தெருவுக்குப் போனால் எறும்புச் சாரைக்கெல்லாம் நின்று நின்றுதான் போக வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. பல தடவை வாய்விட்டே கத்தியிருக்கிறேன்.

அந்த ஈரத்துணியைப் பார்த்தபின் ஜிதேந்திரன் ஒரு விதி போட்டுக்கொண்டார். பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதில்லை. பூச்சி பறக்கிற நேரம் அதுதானே. எங்கள் வீட்டில் காரும் நயினாராகிவிட்டது, சூரியன் போனால் பெட்ரோல் குடிக்காது என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் அத்தை அதில் ஏறவில்லை. கூப்பிட்டபோதெல்லாம், நீங்கள் போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்பார். கோபமில்லை, முகம் சுளித்ததுமில்லை. அது இவருக்கு இன்னும் வலித்தது. அம்மா ஒரு தரம் உட்கார்ந்தால் போதும் நிதி என்று என்னிடம் சொல்லுவார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. போன புரட்டாசியில் அத்தையின் அனந்த நோன்பு முடிகிற முறை. பதினாலு வருஷம் தொடர்ந்து இருக்கிற நோன்பு அது. வருஷத்துக்கு ஒரு நாள், பதினாலு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, முழு உபவாசம். அத்தை தண்ணீர்கூடத் தொடமாட்டார். மறுநாள் பொழுது நன்றாக ஏறியதும் கோயிலுக்குப் போய், கட்டிய அதே சந்நிதியில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் விடுவார். மற்ற வீடுகளில் எப்படியோ, எங்கள் அத்தையின் வழக்கம் அது. அதிலும் பொழுது சாய்ந்துவிட்டால் அடுத்த நாள்தான்.

பதினாலாவது வருஷத்து உபவாசம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் விடியும் முன்பே போன் வந்தது. கோலியனூர் லட்சுமியம்மாளின் மகன் பூவரசன் பேசினான். லட்சுமியம்மாள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். மாமனார் எண்ணெய்க் கடை வைத்திருந்த காலத்தில் சரக்கு போட வந்து, அத்தையோடு சிநேகமானவர். அந்தச் சிநேகிதம் நாற்பது வருஷமாக ஒரு சண்டையில்லாமல் ஓடுகிறது. அவருக்கு விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். ராத்திரி வலி அதிகமாகி, இன்று காலையே செய்கிறோம் என்றுவிட்டார்களாம். சந்திரகாந்தா வராமல் உள்ளே போகமாட்டேன் என்று அந்த அம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கிறாராம்.

கோயில் திறந்து, கயிறு அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னேன். அத்தை அதற்குள் புடவை மாற்றிவிட்டார். ஒன்பது மணிக்கு ஆபரேஷன், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார். முதல் பாசஞ்சரைப் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

ஒன்பது மணி ஆபரேஷன் ஒரு மணிக்குத்தான் தொடங்கியது. உள்ளே போகும் வரைக்கும் லட்சுமியம்மாள் அத்தையின் கையை விடவில்லை. வெளியே வந்து கண் விழிக்க நாலு மணி ஆயிற்று. விழித்தவர் அத்தையைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டார். அத்தை, சாப்ட்டாச்சி, நீ தூங்கு என்றார். பொய் சொல்லாத மனுஷி. அன்று சொன்னார்.

வராந்தாவுக்கு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார். அத்தை மாட்டேன் என்றுவிட்டார். அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வயதில் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் இருப்பதே அதிகம், இன்று ராத்திரியும் இப்படியே போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று சொன்னார்.  ஜிதேந்திரனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் ஏற்கெனவே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, விழுப்புரத்துக்குள் நுழைந்திருந்தார்.

சிவப்புக் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது மணி ஐந்து. பூவரசன் ஓடிவந்து, விக்கிரவாண்டிகிட்ட லாரி கவிழ்ந்து ஐவேசு ரோடு ஃபுல்லா நின்னுக்கினு இருக்குண்ணா, அந்தப் பக்கம் போவாதீங்க என்றான். ரயிலும் லேட். கோலியனூர் போய், திருவக்கரை, மயிலம் என்று ஊர் வழியாகச் சுற்றினால்தான் உண்டு. சாதாரண வண்டியில் போனால் விளக்கு வைக்கும் முன் சேர முடியாத தூரம். அத்தை காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பந்தயக்காரர்களுக்காகச் செய்த சீட் அது, இரண்டு பக்கமும் உடம்பை அணைத்துப் பிடிக்கும். அத்தை அதற்குள் புதைந்துபோனார்.

கோலியனூர் தாண்டி ரோடு காலியானதும் அத்தை கேட்டார்.

"ஜித்து, இது எம்மாம் வேகம் போவும்?"

நிறையப் போகும் என்றார் இவர். ஆனால் கால் அழுத்தவில்லை. அம்மா ஏறிய முதல் நாள். மாட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்டின்னா போ. ரோட்டுல இன்னா வருதுன்னு நான் பாத்துச் சொல்றேன். நீ வளைவப் பாரு."

ஜிதேந்திரன் ஒரு தரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கால் அழுந்தியது. பின்சீட்டில் என் முதுகு ஒட்டிக்கொண்டது. முதலில் ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு எங்கோ உள்ளே அந்தக் குட்டிக் காற்றாடி விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு பனைமரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. நான் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆடு. இடப்பக்கம். குட்டி அந்தாண்ட இருக்கு."

எனக்கு ஆடுதான் தெரிந்தது, குட்டி தெரியவில்லை. ஜிதேந்திரன் வேகத்தைக் குறைத்தார். வலப்பக்கப் புதரிலிருந்து குட்டி குதித்து ரோட்டைத் தாண்டித் தாயிடம் ஓடியது. எப்படித் தெரியும் அத்தை என்று கேட்டேன். தாய் திரும்பிப் பாத்துக்கினு நிக்குதே என்றார். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அணில். வேலியோரம் ஓணான். நடுரோட்டில் படுத்திருக்கிற நாய், அது எழுந்துக்காது, சுத்திக்கினு போ. ஓரிடத்தில் மல்லாட்டைக் கொடியைப் பாதி ரோட்டுக்குக் காயப்போட்டிருந்தார்கள். எல்லா வண்டியும் அதன்மேல் ஏறித்தான் போகும். அத்தை, அதுக்குள்ள எலி இருக்கும் என்றார். வண்டி மண்ணில் இறங்கி ஏறியது.

வாழ்நாள் முழுக்க எறும்புக்காகத் தரையைப் பார்த்து நடந்த கண் அது. அதற்காக நான் எத்தனை தரம் சலித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தக் கண் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னது. இவர் மறுபேச்சில்லாமல் அந்த வார்த்தையை நம்பித் திருப்பினார். கல்லூரிக் காலத்தில் யாருக்காகவோ வாயாக இருந்தவருக்கு, கடைசியில் அவர் அம்மாவே வாயாகக் கிடைத்தார்.

திருவக்கரைக்கு முன்னால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். செம்மண்ணும் ஜல்லியும் முந்தின நாள் மழை ஈரமும். ஜிதேந்திரன் பொத்தானைச் சரளைக்கு மாற்றினார். வளைவில் வண்டி பக்கவாட்டில் நழுவியது. செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் நாலு சக்கரமும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்ட மாதிரி, வெளிப்பக்கச் சக்கரம் உதைத்து, வண்டி தானாக மூக்கைத் திருப்பி நேரானது. நான் நவகார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்சீட்டைப் பார்த்தால் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்து வலித்திருக்கும். அப்படியும் சிரித்தார்.

வேகத்தடை வந்த இடங்களில் மட்டும் நான் இறங்கி ஓடினேன். அத்தையை இறங்கச் சொல்லவில்லை. வண்டியின் வயிறு ஒரு தரம் தரையில் உரசியது. ஜிதேந்திரன் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மயிலம் தாண்டும்போது பொழுது பனைமரத்துக்குமேல் இரண்டு முழம் நின்றது. இனி கவலையில்லை, சேர்ந்துவிடுவோம் என்று கோயிலில் பூசை செய்கிற உபாத்தியாருக்குப் போன் செய்து, சந்நிதியைச் சாத்த வேண்டாம், இதோ வருகிறோம் என்று சொன்னேன். வீட்டில் காய்ச்சி வடிகட்டிய தண்ணீரைச் சொம்போடு கோயிலுக்குக் கொண்டுவந்து வைக்கும்படி பக்கத்து வீட்டுக் கவிதாவிடமும் சொன்னேன். அத்தை சீட்டில் தலையைச் சாய்த்திருந்தார். வழி சொல்வது நின்றிருந்தது. களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி திரும்பியதும் ஈசல்.

மழை பெய்த மறுநாள். கரையிலிருந்து கரை வரைக்கும் ரோடே தெரியவில்லை. ஆள் உயரத்துக்குமேல் எழும்பி, சாயங்கால வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஆயிரமா லட்சமா என்று சொல்ல முடியாது. ஜிதேந்திரன் பிரேக்கை மிதித்தார். அந்த வேகத்திலிருந்து அந்த இடத்தில் ஒரு வண்டி நிற்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். பெல்ட் மார்பை அழுத்தியது. வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை. ஈசல் கூட்டத்துக்கு ஒரு கை தூரத்தில் மூக்கை வைத்து நின்றது. இவர் இஞ்சினை அணைத்தார்.

"போங்க" என்றேன். அவர் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். "இன்னாத்துக்கு நிக்கிறீங்க? அந்தாண்ட போயிட்டா கோயிலு. சுத்திக்கினு போனா பொழுது சாஞ்சிடும். டாக்டர் சொன்னதக் கேட்டீங்க இல்ல? நீங்க பூச்சியப் பாத்துக்கினு இருந்தா அத்தைய யாரு பாக்கறது?"

அவர் சாவியைத் தொடவில்லை.

"அம்மா ஒக்காந்துக்கினு இருக்கறப்ப முடியாது நிதி."

எனக்கு வந்த கோபத்தில் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். முந்தானையை எடுத்து வீசி வீசி விரட்டினேன். விரட்ட விரட்ட என் தலைமுடியில் வந்து உட்கார்ந்தன. தரையைப் பார்த்தால் பாதி ஈசல் இறக்கையை உதிர்த்துவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. அடுத்த காலை வைக்க இடமில்லை. வைத்த காலை எடுக்கவும் பயம். நடுரோட்டில் ஒற்றைக்காலில் நின்று அழுதேன். எதிர்ப்பக்கம் பொழுது பனைமரத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் பிரேக் போட முடியவில்லை.

பொழுதின் சிவப்பு மறைந்தது. திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன்.  தொட்டால் மறுபடி அழுதுவிடுவேன் என்று அத்தையைத் தொடாமல் இருந்தேன். பிறகு அத்தைதான் பேசினார். குரல் காய்ந்திருந்தது.

"ஜித்து. நீ பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன்டா. அந்தாண்ட திரும்பறப்பவே, கரை மேல பறந்துக்கினு இருந்துச்சி. நான் சொல்லல."

இவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"நாக்கு ஒட்டிக்கினு இருந்துச்சி. நீ பாட்டுக்குப் போயிட்டா தண்ணி குடிச்சிடலாம்னு கண்ண மூடிக்கினேன். நீ நிறுத்திட்ட."

ஜிதேந்திரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அத்தை கயிறு கட்டிய கையால் அவர் பின்தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அத்தையை மதித்திருக்கிறேன், பயந்திருக்கிறேன், எரிச்சல்பட்டிருக்கிறேன். தாகத்தில் கண்ணை மூடிக்கொண்ட அந்த அத்தையிடம்தான் எனக்கு முதல் தரம் அவ்வளவு பிரியம் பொங்கியது. முன்சீட்டுக்குப் பின்னாலிருந்தே அவரைக் கட்டிக்கொண்டேன்.

அந்த வழி அன்றைக்கு ஈசலுக்குச் சொந்தம். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி, கிளியனூர் பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இனி அவசரம் எதற்கு? பொழுது சாய்ந்தால் ஓட்டுவதில்லை என்கிற விதியை மீற வேண்டியிருந்ததால், ஜிதேந்திரன் நடக்கிறவர்கள் முந்துகிற வேகத்தில் ஓட்டினார். விளக்கில் வந்து மோதுகிற பூச்சிக்குக்கூட அடிபடாது, ஒதுங்கிப் பறந்துபோகும். இதற்கு எந்தப் பொத்தான் என்று கேட்டேன். அவர் பனியில் வைத்திருந்தார். அதுதான் இருப்பதிலேயே மென்மையான நடை, சக்கரம் மெதுவாகத்தான் இழுக்கும் என்றார். விழுப்புரம் மாவட்டத்துக்கும் அந்தப் பொத்தான் ஒரு நாள் தேவைப்பட்டது. அத்தை அந்தப் பந்தயச் சீட்டின் அணைப்பிலேயே தூங்கிவிட்டார்.

ராத்திரி முழுக்க அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, விடிந்தது என்பதைத் தவிர.

பொழுது ஏறியதும் கோயிலுக்குப் போனோம். அத்தை முன்சீட்டில்தான் உட்கார்ந்தார். காலை வெயிலில் உடம்பு இலேசாக ஆடியது. உபாத்தியார் கயிற்றை அவிழ்த்தார். நான் சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீரை ஊற்றி நீட்டினேன். வாங்கியவர் வாயில் வைக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி மெல்ல வாசலுக்கு நடந்தார். குடிங்க அத்தை என்று பின்னாலேயே ஓடினேன். அவர் இடுப்பில் செருகியிருந்த துணியை அப்போதுதான் பார்த்தேன். வீட்டிலிருந்தே நனைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

காருக்கு முன்னால் நின்று முன்கண்ணாடியைத் துடைத்தார். விளக்குகளைத் துடைத்தார். குனிய முடியாமல் குனிந்து அந்தக் கறுப்பு வலையின் ஒவ்வொரு கண்ணையும் துடைத்தார். பிறகு துணியை வெயிலில் விரித்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் பார்த்தார். நானும் பார்த்தேன், ஜிதேந்திரனும் பார்த்தார். செம்மண் தூசிதான் இருந்தது. ஒரு இறக்கைகூட இல்லை.

அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தார். காரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக் குடித்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தார். அதை அந்தத் துணியில் ஊற்றிப் பிழிந்து, முன்கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார். அதில் துடைக்க எதுவும் இருக்கவில்லை.